நான்காவது பெயர்

ஜூன் 2, திங்கள்

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். "பிரஷர் ஏன் இறங்க மாட்டேங்குதுன்னு தெரியணும் ஜெரால்டு. எப்படித் தூங்குனீங்க, தலைவலி இருந்துதா, அன்னிக்கு என்ன நடந்துது, எல்லாத்தையும் கொஞ்ச நாள் எழுதிட்டு வாங்க" என்றார். முப்பத்தெட்டு வயதில் வீட்டுப்பாடம்.

தூக்கம் குறைவு. தலைவலி இருந்தது. நடந்தது: இன்று பள்ளிக்கூடம் திறந்தார்கள். மகள் ஆக்னஸ் ஒன்றாம் வகுப்பு. விடியும்போதே அவளுக்கு வீசிங். மனைவி பெர்னா மடியில் வைத்துக்கொள்ள, நான் நெபுலைசரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ராயபுரத்திலிருந்து அம்பத்தூர் வரை பஸ்ஸில் நின்றேன். எங்கள் கம்பெனி மருந்துக் கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் விற்கிறது. அது எந்தக் கடையில் மக்கர் செய்தாலும் போனில் திட்டு வாங்குகிறவன் நான்.

வீட்டுக்கு வந்தால் பெர்னா செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நிற்கிறாள். "குழம்ப மட்டும் சுட வெச்சுக்கோங்க. நெபுலைசர் மருந்து ஃப்ரிட்ஜ் மேல இருக்கு." கேரம் கிளப்புக்குப் போய்விட்டாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஆடுகிறாள். நான் தடுத்ததில்லை.

ஜூன் 4

கேரம் சங்கத்தின் செயலாளர் ஏகாம்பரம் வந்தார். வட சென்னைப் பெண்களில் முதல் நான்கு பேரை அடுத்த மாதம் மாநில முகாமுக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு வருடமும் இவர் கையால் கணக்குப் போட்டு ரேங்க் எழுதுவார், ஒவ்வொரு வருடமும் சண்டை வரும்.

"போன வருசம் சட்டையப் பிடிச்சிட்டானுங்கப்பா. நீ ஒரு ப்ரோக்ராம் போட்டுக் குடு. மேட்ச் ரிசல்ட்ட உள்ள போட்டா ரேங்க் வெளிய வரணும். கம்ப்யூட்டரு சொல்லிச்சின்னா எவனும் வாயத் தொறக்க மாட்டான்."

"என் வீட்டுக்காரி ஆடுறாளே அண்ணே. நான் செஞ்சா நல்லாவா இருக்கும்?"

"வேற எவன்பா எனக்குச் சும்மா செஞ்சி குடுப்பான்?"

விதி எளிமையானதுதான். சீசனின் ரேங்கிங் டோர்னமெண்டுகளில் எடுத்த புள்ளிகளைக் கூட்ட வேண்டும். இருவர் சமமாக வந்தால், அவர்கள் நேரில் ஆடியபோது ஜெயித்தவர் மேலே. சரி என்றேன். ஆபீஸில் செய்கிற வேலையே மூச்சு முட்டுகிறது. ஆனாலும் சரி என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ப்ரோக்ராம் எழுதினேன். பெரிய வேலை இல்லை. முந்தைய டோர்னமெண்டுகளின் முடிவுகளை உள்ளே ஏற்றினேன். ஆட்டக்காரிகள் பெயர்ப் பட்டியலை அடிக்கும்போது பெர்னாவின் பெயரைக் கடைசியில் போட்டேன். பெண்டாட்டி பெயரைத்தான் முதலில் அடித்தான் என்று நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது.

பெர்னா பின்னால் வந்து நின்றாள்.

"நான் எங்க வர்றேன்?"

"இன்னும் ஒரு டோர்னமெண்ட் இருக்கில்ல."

"இந்தத் தடவ முகாமுல ஆடுறவங்கள்லருந்து ரெண்டு பொண்ணுங்கள வேலைக்கு எடுக்குறாங்களாம். பெரிய கம்பெனி, கவர்ன்மெண்டோடது. அவங்க கேரம் டீமுக்கு. வயசு முப்பத்திரண்டு தாண்டக் கூடாதாம். எனக்கு இதான் கடைசி வருசம்."

"எந்த ஊர்ல?"

"திருச்சி. அஞ்சு மணி நேரந்தானே. சனி ஞாயிறு வந்துடலாம். இல்லன்னா நீங்களும் அங்க வேல தேடலாம்."

துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க மாடிக்குப் போனேன். இன்னும் முகாமுக்கே தேர்வாகவில்லை. இப்போதே அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

ஜூன் 10

தலைவலி. எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

கடைசி டோர்னமெண்ட். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஹால். மின்விசிறி போட்டால் பவுடர் பறக்கிறது என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆக்னஸ் என் மடியில் தூங்கிவிட்டாள்.

பெர்னா துளசியோடு ஆடினாள். துளசிக்கு இருபத்திரண்டு வயது, காசிமேட்டில் வீடு, அப்பா ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். வேகமாக அடிக்கிற பெண். பெர்னா அவசரப்படவில்லை. கடைசி செட்டில் பின்தங்கியிருந்தவள், போர்டின் கட்டை ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்த ஒரு காயை எதிர்க்கட்டையில் மோதவிட்டுத் திருப்பி, தன் பக்கத்துக் குழியில் இறக்கினாள். ஹாலில் இருந்த ஆண்கள்கூடக் கை தட்டினார்கள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். வீட்டில் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. ஜெயித்த பிறகும் அவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை, அடுத்த போர்டில் யார் ஆடுகிறார்கள் என்று பார்க்கப் போய்விட்டாள்.

ஆக்னஸுக்கு இருமல் வந்ததால் நாங்கள் முன்னதாகவே கிளம்பிவிட்டோம்.

ஜூன் 16, திங்கள்

முடிவுகளை ஏற்றி ப்ரோக்ராமை ஓட்டினேன். முதல் மூன்று இடங்களில் சந்தேகமே இல்லை. நான்காம் இடத்துக்கு மூன்று பேர் ஒரே புள்ளியில் நின்றார்கள்: துளசி, நஸ்ரின், பெர்னா. ப்ரோக்ராம் துளசிக்கு நான்கு, நஸ்ரினுக்கு ஐந்து, பெர்னாவுக்கு ஆறு என்று வரிசை கொடுத்தது. ஏகாம்பரத்துக்கு அனுப்பினேன். உடனே சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார். அடுத்து எனக்கு போன்.

"பாத்தியா, ஒருத்தன் வாயத் தொறக்கல! சொந்தப் பொண்டாட்டியையே ஆறாவதா போட்டுக்கிறான்யா ஜெரால்டுன்னு பெருமையா பேசிக்கிறானுங்க."

பெர்னா சப்பாத்தி தேய்த்துக்கொண்டே போனைப் பார்த்தாள். மாவுக் கையால் திரையை மேலே தள்ளி, கீழே தள்ளி, மறுபடி மேலே தள்ளினாள். "சரி" என்றாள். சப்பாத்தி ஒன்றுகூடக் கருகவில்லை.

விதிப்படிதான் வந்திருக்கிறது.

ஜூன் 18

நன்றாகத் தூங்கினேன். தலைவலி இல்லை. பிரஷர்கூட இறங்கியிருக்கிறது.

பெர்னா கிளப்புக்குப் போகவில்லை. நான் வரும்போது சாப்பாடு சூடாக இருந்தது. ஆக்னஸுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வீடு அமைதியாக இருந்தது.

ஜூன் 20, வெள்ளி

திருவொற்றியூரில் ஒரு மருந்துக் கடை. மருந்துகளை ஒரு கணினியில் வரிசைப்படுத்தினால் ஒரு மாதிரி வருகிறது, இன்னொன்றில் வேறு மாதிரி வருகிறது என்று கடைக்காரர் கத்தினார். பார்த்தால், வரிசைப்படுத்தும் விதியே சரியில்லை. சரக்கை எந்த வரிசையில் ஏற்றினார்களோ அதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. சரிசெய்து கொடுத்தேன். அதன் பிறகு ஏனோ கை தானாகக் கேரம் ப்ரோக்ராமைத் திறந்தது.

பெயர்ப் பட்டியலில் பெர்னாவை முதலில் போட்டுவிட்டு ஓட்டினேன். பெர்னா நான்கு, துளசி ஐந்து, நஸ்ரின் ஆறு.

நஸ்ரினை முதலில் போட்டேன், அடுத்து பெர்னா, பிறகு துளசி. நஸ்ரின் நான்காவதாக வந்தாள்.

காரணம் கண் முன்னால்தான் இருக்கிறது. துளசி நஸ்ரினை ஜெயித்திருக்கிறாள். நஸ்ரின் பெர்னாவை ஜெயித்திருக்கிறாள். பெர்னா துளசியை ஜெயித்திருக்கிறாள். மூன்று பேரும் ஒரு வட்டம். ப்ரோக்ராமோ இரண்டிரண்டு பேராகத்தான் ஒப்பிடும். துளசியையும் நஸ்ரினையும் பார்த்தது: துளசி மேலே. நஸ்ரினையும் பெர்னாவையும் பார்த்தது: நஸ்ரின் மேலே. அதோடு வேலை முடிந்தது என்று நின்றுவிட்டது. பெர்னாவையும் துளசியையும் அது ஒப்பிடவே இல்லை. ஆக, நான்காவது யார் என்பதைத் தீர்மானித்தது நான் பெயர் அடித்த வரிசை மட்டும்தான்.

மடிக்கணினியை மூடிவிட்டேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தேன்.

ஜூன் 21, சனி

யோசித்துப் பார்த்தேன். பட்டியல் வெளியாகிவிட்டது, பெயர்களை மாநில சங்கத்துக்கு அனுப்பியாகிவிட்டது. இப்போது நான் போய்ச் சொன்னால், பெண்டாட்டிக்காக மாற்றுகிறான் என்பார்கள். ஏகாம்பரத்துக்கு அவமானம். துளசி சின்னப் பெண், அவளுக்கும் வேலை தேவைதான். மூன்று பேரில் யாரைப் போட்டாலும் இரண்டு பேருக்கு அநியாயம்தான். இருக்கிறது இருந்துவிட்டுப் போகட்டும்.

இதற்கும் திருச்சிக்கும் சம்பந்தம் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

பூசைக்குப் போனோம். தூக்கம் இல்லை. தலைவலி.

ஜூன் 24

துளசி வீட்டுக்கு வந்தாள். நான் உள் அறையில் கையில் பிரஷர் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் இருப்பது அவளுக்குத் தெரியாது.

"அக்கா, எனக்கு ஒரு மாதிரியா இருக்குதுக்கா. கடைசி டோர்னமெண்ட்ல நீ என்ன அடிச்ச. எல்லாரும் பாத்தாங்க. இப்ப பாத்தா நான் மேல போறேன், நீ போல. எப்டிக்கா இது?"

"லிஸ்ட்ல வந்துடுச்சில்ல. போய் நல்லா ஆடு."

"உனக்குக் கோவமே வர்லியா?"

"உன் மேல எதுக்குடி வரணும்? காபி குடி, ஆறிடும்."

கையிலிருந்த பட்டை இறுகி, விட்டு, எண்ணைக் காட்டியது. பார்க்கவில்லை. துளசி போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். பெர்னா டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது. அவள் என்னைக் கூப்பிடவில்லை.

ஜூன் 25, புதன்

சாயங்காலம் பெர்னா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆக்னஸ் பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தாள். பெர்னா தலையை நிமிர்த்தாமல் ஆரம்பித்தாள்.

"துளசிய நான் அடிச்சேன். நஸ்ரின் என்ன அடிச்சா. நஸ்ரின துளசி அடிச்சா. இதுல யாரு மேல?"

நான் ஒரு துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

"ஒரு வாரமா நானும் மண்டைய ஒடச்சிக்கிறேன். எப்படிப் பாத்தாலும் சுத்திச் சுத்தி வருது. உங்க ப்ரோக்ராம் மட்டும் எப்படி முடிவு பண்ணிச்சு?"

"பேர் அடிச்ச வரிசைல."

"என் பேர எங்க அடிச்சீங்க?"

"கடைசில."

"ஏன்?"

"யாரும் எதுவும் சொல்லக் கூடாதுன்னுதான் பெர்னா. சத்தியமா அதுக்குத்தான்."

"அது சரி. வரிசைல தப்பு இருக்குன்னு எப்ப தெரிஞ்சுது?"

"வெள்ளிக்கெழம."

மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள். என் சட்டை.

"நேத்து துளசி வந்தப்ப உள்ளதான இருந்தீங்க?"

"ம்."

"நான் திருச்சிக்குப் போயிடுவேன்னு பயமா?"

"ஆக்னஸுக்கு இப்படி வீசிங் இருக்கும்போது..."

"அவ பேர நடுவுல இழுக்காதீங்க."

எனக்குக் களைப்பாக இருந்தது என்றேன். காலையில் பஸ், பகலெல்லாம் போன், வந்ததும் நெபுலைசர், இதையெல்லாம் தனியாகச் செய்ய முடியும் என்று தோன்றவில்லை என்றேன். முதல் தடவையாக வாயைத் திறந்து சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"எனக்கும்தான் களைப்பு" என்றாள். "நான் அத உங்ககிட்ட சொல்லியிருக்கேன். நீங்க எங்கிட்ட சொல்லல. சொல்லியிருந்தா ரெண்டு பேரும் உக்காந்து பேசியிருக்கலாம். போகாமகூட இருந்திருப்பேன். நீங்க பேசாம இருந்து என்ன நிறுத்தப் பாத்தீங்க."

துணிகளை அலமாரியில் வைத்துவிட்டு ஆக்னஸைக் கூப்பிடப் போனாள்.

ஜூன் 26, வியாழன்

ஆபீஸுக்கு லீவு. ஏகாம்பரத்தைக் கிளப்பில் போய்ப் பார்த்தேன். பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டு மூன்று தடவை ஓட்டிக் காட்டினேன். மூன்றாவது தடவை அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இன்னாபா இது? கம்ப்யூட்டரு, கம்ப்யூட்டருன்னு ஊரு பூரா சொல்லி வெச்சிக்கிறேனே!"

"கம்ப்யூட்டர் தப்பு இல்லண்ணே. நான் எழுதுனதுதான் தப்பு. மூணு பேர் சமமா வந்தா என்ன செய்யணும்னு உங்க விதிலயும் இல்ல, நானும் யோசிக்கல."

"உன் வூட்டுக்காரி அழுதாளா? அதான் வந்தியா?"

"இல்லண்ணே. எனக்கு வெள்ளிக்கெழமயே தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தார். பிறகு மாநில சங்கத்துக்கு போன் போட்டார். பெயரை மாற்ற திங்கட்கிழமை வரை நேரம் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மறுபடி ஆட வேண்டும் என்று முடிவானது.

அதற்குள் சேதி பரவி, வாசலில் துளசியின் அப்பா பிடித்துக்கொண்டார். "பொண்டாட்டிய உள்ள தள்றதுக்கு மிசினயே மாத்துறியா நீ? என் பொண்ணு பேரு வந்துச்சின்னு தெரு பூரா ஸ்வீட் குடுத்துக்கிறேன்யா!" சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள்.  துளசிதான் வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "யப்பா, வுடு. நான் ஆடுறேன். அக்காகிட்ட தோத்துட்டுப் போறது எனக்கே அசிங்கமா இருந்துச்சி."

பெர்னாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 28

பெர்னா காலையிலும் மாலையிலும் கிளப். சமையல் நான். ரசம் உப்பு கரித்தது. ஆக்னஸ் தயிர் ஊற்றிச் சமாளித்தாள்.

ஜூன் 29, ஞாயிறு

கிளப்பின் மேல் மாடியில் ஒரே ஒரு போர்டு. சுவரோரம் கூட்டம். நஸ்ரின் தன் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அவளுடைய மாமியார் குழந்தையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். என் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

முதலில் துளசி நஸ்ரினை ஜெயித்தாள். அடுத்து பெர்னாவும் நஸ்ரினை ஜெயித்தாள், நேர் செட்டுகளில். நஸ்ரின் சிரித்துக்கொண்டே எழுந்து, "வெயிட்டு தூக்கித் தூக்கிக் கை நடுங்குதுக்கா" என்று குழந்தையைக் காட்டினாள். கண்ணில் சிரிப்பு இல்லை.

கடைசியாக பெர்னாவும் துளசியும். ஆளுக்கொரு செட். மூன்றாவது செட் கடைசி போர்டு, அதாவது கடைசிச் சுற்று வரை இழுத்தது. பெர்னாவுக்கு மிச்சம் இருந்தது ரெட்டும் தன் காய் ஒன்றும். துளசிக்கும் ஒரே காய்தான். ரெட்டைப் போட்டால் அடுத்த அடியிலேயே தன் காயையும் போட வேண்டும். போட முடியாவிட்டால் ரெட்டைத் திரும்ப நடுவில் வைத்துவிடுவார்கள். பெர்னா ரெட்டைப் போட்டாள்.  ஸ்ட்ரைக்கரை வைத்தாள், நகர்த்தினாள், மறுபடி நகர்த்தினாள். அடித்தாள். காய் குழியின் வாயில் போய், விளிம்பில் பட்டு நின்றுவிட்டது.

ரெட் நடுவுக்கு வந்தது. துளசி இரண்டே அடியில் ரெட்டையும் தன் காயையும் இறக்கிவிட்டு, ஜெயித்தது தானா என்பது போல ஏகாம்பரத்தைப் பார்த்தாள். பிறகு மேஜையைச் சுற்றி ஓடிவந்து பெர்னாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். பெர்னா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அவளும் அழுதாளா என்பது நான் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை.

ஏகாம்பரம் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான்காவது பெயர் துளசிதான். ப்ரோக்ராம் சொன்ன அதே பெயர்.

ஆட்டோவில் வரும்போது பெர்னா ஆக்னஸிடம் பேசிக்கொண்டே வந்தாள். "ஒரு நூலுடி கண்ணு. ஒரே ஒரு நூல் இந்தப் பக்கம் அடிச்சிருந்தா உள்ள." ஆக்னஸ் "ஏம்மா அடிக்கல?" என்றாள். "பயந்துட்டேன்" என்றாள் பெர்னா. நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். எப்படியும் இதே முடிவுதான் வந்திருக்கும் என்று என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை.

ஜூலை 1

சாப்பிடும்போது பெர்னா சொன்னாள்: "நாளைலருந்து சாயங்காலம் கிளப்புக்குப் போறேன். ஆக்னஸ நீங்க பாத்துக்கோங்க. ஆபீஸ்ல பேசி ஒரு பஸ் முன்னாடி வாங்க."

"அதான் இந்த வருசத்தோட வயசு..."

"வேலைக்குத்தான் வயசு. ஆடுறதுக்கு இல்ல."

சாப்பிட்டுக் கை கழுவப் போய்விட்டாள். இரண்டு நாளாக இப்படித்தான். உப்பு எங்கே, பால் வந்ததா, ஃபீஸ் கட்டியாச்சா. கேட்டால் பதில் வருகிறது.

ஜூலை 3

மேனேஜரிடம் கேட்டேன். முகத்தைச் சுளித்தார். கடைசியில், காலையில் சீக்கிரம் வந்தால் சாயங்காலம் சீக்கிரம் போகலாம் என்றார். இனி விடியும் முன்பே எழ வேண்டும்.

ஜூலை 5

ஆக்னஸுக்கு வீசிங். நான் மட்டும்தான் இருந்தேன்.  மருந்தைப் பாதி மேஜையில் ஊற்றிவிட்டேன். "அம்மா மாதிரி என்னச் சாய்ச்சி வெச்சிக்கோ டாடி" என்று அவளே சொல்லிக்கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. என் நெஞ்சிலேயே தூங்கிவிட்டாள். எழுந்தால் விழித்துவிடுவாள் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். பெர்னா வந்து பார்த்தாள். என் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 8, செவ்வாய்

முகாம் தொடங்கிவிட்டதாம். துளசி முதல் நாள் இரண்டு ஆட்டம் ஜெயித்தாளாம். பெர்னா போனில் அவளோடு பேசியதைக் கேட்டேன். "நடுவுல அவசரப்படாதடி, அவ வுட்டுக் குடுக்குற வரைக்கும் காத்திரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நானும் ஆக்னஸும் சாப்பிட்டு முடித்திருந்தோம். பெர்னா கிளப்பிலிருந்து வந்து தட்டை எடுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நான் விடிகாலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவன். உடம்பெல்லாம் கட்டை போலிருந்தது. இருந்தாலும் கேட்டேன்.

"இன்னிக்கு எப்படி ஆடுனே?"

சோற்றில் கை வைத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் ஜெயித்தாயா, தோற்றாயா என்று கேட்டிருக்கிறேன். இப்படிக் கேட்டதில்லை என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நான் நிஜமாகவே கேட்கிறேனா என்று பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சொன்னா பெருசா போகும். கேப்பீங்களா?"

"சொல்லு."

"மொத போர்டுல ப்ரேக் என்னோடது. உடைச்சேன், ஒரு காய்கூட விழல..."

சொல்ல ஆரம்பித்தாள். தட்டிலிருந்த அப்பளத்தைக் குழியாகவும் மிளகாயை ரெட்டாகவும் வைத்துக் காட்டினாள். மூன்றாவது போர்டுக்கு வருவதற்குள் என் கண் செருகிவிட்டது. அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"ஒரு நிமிஷம் இரு" என்று எழுந்து போய், குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"ம். மூணாவது போர்டு."